பிளாஸ்டிக் பட்டாளத்துக்குச் சுளுக்கெடுப்பு

எலே மக்கா, அந்த மூக்குக்கண்ணாடிய எடுத்து இங்க தா. ராத்திரி பூரா லைட்டப் போட்டு வச்சிட்டு நீ என்னதான் செய்யுகேண்ணு நானும் பாக்கட்டு. உனக்க அம்மை பயந்து கெடக்கா. “மாமா, பய பெங்களூர்லருந்து லீவுக்கு வந்தவன் நடை எறங்க மாட்டேங்கான். கத்தியும் ரம்பமுமா இருந்துட்டு சின்னச் சின்ன மனுசனப் பிடிச்சுக் கால வெட்டுகான்”ண்ணு காலம்பற வந்து நிக்கா. நான் சொன்னேன், “பிள்ளே, வெப்ராளப்படாத. இது வம்சத் தொழிலாக்கும். நான் ஒடிஞ்சதச் சேக்கேன், அவன் சேந்தத ஒடிக்கான். வருமானம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலத்தான்.”

காட்டு பாப்போம். ம்ம்... நல்ல கூட்டம். நாலு ஜெர்மன்காரன், ரெண்டு இங்கிலீசுக்காரன், ஒருத்தன் தலையில்லாத முண்டம். இந்த ஓரத்துல வலது கையத் தூக்கிட்டு நிக்கானே, இவனத்தானே ரெண்டு ராத்திரியா அறுத்து ஒட்டினது? இவனுக்கிட்ட ஒரு பெரிய குத்தம் கெடக்கு. இப்பச் சொல்ல மாட்டேன். சொன்னா சாயா குடிக்காம எந்திரிச்சுப் போயிருவே. பொறவு சொல்லுகேன்.

முப்பத்தஞ்சுல ஒண்ணுண்ணு சொன்னே இல்லியா? ஆறடி மனுசன் இதுல அஞ்சேகால் சென்டிமீட்டர். கன்னியாரி வள்ளுவர் பீடத்தோட சேந்து 133 அடி. அவரையும் இந்தக் கணக்குல சுருக்கினா நாலடிக்கு ரெண்டரை அங்குலம் கொறவு. சரி, அது என்ன கணக்குலே முப்பத்தஞ்சு? முப்பதுண்ணு வைக்கலாம், நாப்பதுண்ணு வைக்கலாம். நீதானே போன வாரம் படிச்சுக் காட்டினே. ஜப்பான்ல ஷிசுவோகாண்ணு ஒரு ஊரு. அங்க டமியாக்காரன் 1946ல மர யாவாரம் தொடங்கினான், பொறவு மரத்துலயே கப்பலும் விமானமும் செஞ்சு வித்தான், 1960ல பிளாஸ்டிக்குக்குச் சாடினான். அடுத்தாப்ல பேந்தர் டாங்கி ஒண்ணு மோட்டார் வச்சு செய்யும்போ உள்ள ரெண்டு பேட்டரி கொள்ளணும். பேட்டரி கொள்ளுக அளவுக்கு டாங்கிய வச்சுட்டு அளந்து பாத்தா முப்பத்தஞ்சுல ஒண்ணு வந்துது. டாங்கிக்குத் தக்க மனுசன். செருப்புக்குத் தக்கக் கால வெட்டினவனக் கேட்டிருக்கேன். பேட்டரிக்குத் தக்க ஆளுக்க ஒயரத்த நிச்சயிச்சவன இப்பத்தான் கேக்கேன். ஒலகம் பூரா உள்ள கோட்டிக்காரனுவோ இப்பவும் அந்தப் பேட்டரிக் கணக்குலதான் காலு வெட்டுகானுவோ.

இங்கிலாந்துல ஏர்பிக்ஸ்காரன் 1939ல கடை போட்டான். அவன் காத்தடைக்க ரப்பர் பொம்மையும் தலைசீவுக சீப்பும் செஞ்சவனாக்கும். 1959லருந்து சின்னப் பட்டாளக்காரன் செஞ்சான், எழுபத்திரெண்டுல ஒண்ணு, ஒரு அங்குலம் தேறும். அது கொழகொழண்ணு உள்ள பிளாஸ்டிக்கு, பாலித்தீன். அதுல பசையும் பிடிக்காது, பெயிண்டும் நிக்காது, உரிஞ்சு வரும். உனக்கது பாலிஸ்டைரீன், கடுப்பம் உள்ளது. பச்சை மூடி போட்ட குப்பி ஒண்ணு வச்சிருக்கியே, தண்ணி மாதிரி, மூக்கத் தொளைக்குது, அதத் தொட்டு வச்சா ரெண்டு பக்கமும் உருகி ஒண்ணுக்குள்ள ஒண்ணு எறங்கி ஒறைஞ்சிருது. அத ஒட்டுகதுண்ணு சொல்லப்பிடாது, கூடுகதுண்ணு சொல்லணும். எலும்பும் அப்படித்தான் கூடும். அதனாலதான் சொல்லுகேன், கூடுக நேரத்துல ஆட்டாத. எனக்கிட்ட மூங்கில் பத்தை வச்சு மொழங்கைக்குக் கட்டுப் போட்டுட்டுப் போன பய ஒருத்தன், ஏழாம் நாளு வாழைக்கொலை வெட்டப் போனான். திரும்பி வந்தப்ப கை ‘ட’ எழுத்து மாதிரி நிக்கு. நீயும் ராத்திரி ஒட்டினத காலம்பற எடுத்து அசைச்சுப் பாக்கே. நான் கண்டேன்.

என் பக்கத்துக் குத்தத்தையும் சொல்லிருகேன், ஒளிச்சு வைக்கதுக்கு என்ன இருக்கு. சின்ன வயசுல ஒருத்தனுக்க மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பிக் கட்டிட்டேன். இப்ப அவன் கும்பிட்டா அனுக்கிரகம் பண்ணுக மாதிரி இருக்கும். அரசியல்ல நல்ல பதவியில இருக்கான்.

சரி, வேலைக்கு வாறேன். இந்தக் கையத் தூக்கி நிக்கவன எடு. பெட்டியில வாறப்போ கை தொங்கிட்டுல்லா இருந்துது? நீ தோளுல அறுத்து, மேல தூக்கி ஒட்டி வச்சிருக்கே. அவ்வளவுதான் செஞ்சிருக்கே. எலே, எந்திரிச்சு நில்லு. உனக்க கையத் தூக்கு. இன்னும் மேல, பரண்ல உள்ள பானைய எட்டுக மாதிரி. என்ன ஆச்சுது பாத்தியா? தோள்பலகை திரும்பிட்டுது. இந்தப் பக்கத்து விலா வலிஞ்சு நிக்கு. எடை மத்தக் காலுக்குப் போயாச்சு, இடுப்பு ஒரு பக்கம் ஏறியாச்சு, உனக்குத் தெரியாமலே குதியங்காலும் கொஞ்சம் கெளம்பியாச்சு. உனக்க ஜெர்மன்காரனுக்கு இதுல எதுவும் நடக்கல்ல. அவன் தேரடியில நிக்க சிப்பாய்ச் செலை மாதிரி நிக்கான், கை மட்டும் வாடகைக்கு எடுத்தது மாதிரி மேல நிக்கு.

தோல்பாவைக்கூத்துக்கு அது போதும். நம்ம நாரோயில் பக்கத்து ஆளுகளே அதுல கெட்டிக்காரனுவோ. ராவணனுக்குக் கை ஆடினா சண்டை, ஆடல்லண்ணா பேச்சு. ஆனா பாவை தோலு, ஒரு பக்கம் மட்டும் உள்ளது, திரைக்குப் பொறத்த நிக்கது. உனக்கது மேசையில நிக்கது. பாக்க வாறவன் சுத்தி வந்து முதுகையும் பாப்பான்.

அப்ப எங்க தொடங்கணும்? இடுப்புல தொடங்கணும். மயிலாடிக்குப் போ. கல்லுக்கொத்துக ஆசாரிமாரு பட்டறை வழி நெடுக உண்டு. அவங்ககிட்ட கேளு, சொல்லுவாங்க, சமபங்கம், அபங்கம், திரிபங்கம்ண்ணு. ரெண்டு காலுலயும் எடை ஒண்ணுபோல நின்னா சமபங்கம். பட்டாளத்துல அதுக்குப் பேரு அட்டென்சன். நேரம் போனா காலு கடுக்கும், எடைய ஒரு காலுக்கு மாத்துவான், மத்தக் காலு முட்டி மடங்கும், அது அபங்கம். பஸ் ஸ்டாண்டுல காவலுக்கு நிக்க போலீசுக்காரன் அம்புட்டு பேரும் மத்தியானம் ரெண்டு மணிக்கு அபங்கமாக்கும். தலை ஒரு பக்கம், நெஞ்சு ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம்ண்ணு மூணு வளைவு வந்தா திரிபங்கம். கணபதி ஸ்தபதி வள்ளுவர நிறுத்தினதுலயும் இடுப்புல ஒரு சின்ன நெளிவு இருக்கும், போட்டுல போகும்போ பாரு. 2000 ஜனவரி ஒண்ணாந்தேதி திறந்த நாளுலருந்து கடல்காத்துல நிக்கார், ஆனா விறைச்சு நிக்கல்ல.

சூத்திரம் ஒண்ணுதான். எடை தாங்குக காலுப் பக்கம் இடுப்பு ஏறும், அந்தப் பக்கத்துத் தோளு எறங்கும். கழுத்துக்குழியிலருந்து கொத்தனாரு தூக்குக்குண்டு விடுக மாதிரி ஒரு நூலு விடு. நூலு அந்த எடை தாங்குக கணுக்காலுப் பக்கம் விழணும். விழல்லண்ணா அவன் கீழ விழப்போறான், இல்லண்ணா குடிச்சிருக்கான். குடிச்சவனச் செய்யுகதாட்டு இருந்தா அது வேற பாடம், அதுக்கு சாயங்காலம் ஆறு மணிக்குமேல கூட்டிட்டுப் போறேன்.

இப்ப அறுவை. ரம்பம் மெலிசா உள்ளது உனக்கிட்ட உண்டு. இடுப்புல பெல்ட்டுக்க மேல வச்சு ரெண்டாக்கு. முட்டிய மடக்கணும்ண்ணா பின்பக்கம் ஆப்பு மாதிரி ஒரு துண்டு எடு, முன்பக்கம் தோலு மாத்திரம் நிக்கட்டு, பைய மடக்கு. முறிஞ்சா கவலப்படாத. ஜெம் கிளிப்பை வெட்டி, கைத்துரப்பணத்துல ஓட்டை போட்டு, எலும்புக்குள்ள கம்பி வைக்க மாதிரி வச்சிரு. ஆஸ்பத்திரியில இதத்தான் லெச்சக்கணக்குல ரூபா வேண்டிட்டுச் செய்யுகானுவோ. கம்பி இருந்தா ரெண்டு மூணு தடவை திருப்பித் திருப்பிப் பாக்கலாம், மனசுக்குப் பிடிச்ச பொறவு பசை.

இடைவெளி வரும். அதுக்கு சீமையிலருந்து மில்லிபுட்டு வரணும், விமானத்துல வருகுண்ணு காத்திருக்கியே, கோட்டிக்காரப் பயலே, குழாய் ஒழுகினா பிளம்பர் பெசஞ்சு அப்புகானே எம்சீல், அது என்னவாம்? அதுவும் ரெண்டு மாவு சேத்துப் பெசையுக சாதிதான். ரெண்டையும் சரிபாதி எடு, கோடு தெரியாம ஒரே நெறமா வாறது வரைக்கும் பெசை. விரலத் தண்ணியில தொட்டுக்கோ, இல்லண்ணா மனுசனுக்கு ஒட்டாது, உனக்கு ஒட்டும். இறுகினா அரமும் உப்புத்தாளும் போடலாம். கொஞ்சம் தரதரண்ணு இருக்கும், சீமைக்காரன் மாவு அளவுக்கு மெனுப்பு வராது. முண்டு கட்டின ஆளுக்கு அதுவே நல்லது.

இங்கதான் நீ தோத்துப் போன எடம் இருக்கு. மடங்கின காலை வெட்டி நிமித்திட்டே, சரி. முட்டிக்குப் பொறத்த கால்சட்டையில பழைய சுருக்கம் அப்படியே கெடக்கே. காலு நேரா நிக்கு, துணி மட்டும் இன்னும் உக்காந்திருக்கு. சுருக்கம் சும்மா வாறதில்ல மக்கா. முட்டு மடங்குனா உள்பக்கம் நெருங்கும், வெளிப்பக்கம் இழுத்துட்டு நிக்கும். தோளுல துப்பாக்கி வாரு தொங்கினா அங்கயிருந்து நெஞ்சுக்குக் கோடு ஓடும். பழசச் சுரண்டித் தள்ளு, புதுச எம்சீல்ல ஊசி முனையால வரை. கொடியில காயப் போட்ட சட்டையப் பாத்து வரையாத, உள்ள ஆளு இருக்க சட்டையப் பாத்து வரை.

கையளவும் பாத்துக்கோ. செலை செய்யுகவன் தாலம்ண்ணு ஒரு அளவு சொல்லுவான். நாடியில மணிக்கட்ட வச்சா நடுவிரலு முனை தலைமயிரு தொடங்குக எடத்தத் தொடும், கையும் முகமும் ஒரே நீளம். வச்சுப் பாரு. உனக்க இங்கிலீசுக்காரனுக்குக் கை முகத்த முழுசா மூடி மிச்சமும் இருக்கு. ஒரு அடி வாங்குனா ஊரு தாங்காது.

அமெரிக்காவுல ஷெப்பர்ட் பெயின்ண்ணு ஒருத்தர் இருந்தார் இல்லியா, 2015ல போய்ச்சேந்தார். 1970கள்ல மோனோகிராம் கம்பெனிக்க டாங்கிப் பெட்டிக்குள்ள அவரு கட்டின காட்சிகளப் படம் பிடிச்சுத் தாளு வச்சு விட்டானுவோ. நீ காட்டின படத்துல ஒண்ணு எனக்குப் பிடிச்சுது. ஏன்னா அதுல ஒருத்தனும் கேமராவப் பாக்கல்ல. அவனவன் அவனவனுக்க சோலியப் பாக்கான். உனக்க ஆளுகளப் பாரு, தலையுள்ள ஆறு பேரும் கல்யாண வீட்டுல குரூப் போட்டோவுக்கு நிக்க மாதிரி முன்னால பாத்துட்டு நிக்கான். தலை மாத்துகது இதுல ஆகச் சுலபமான வேலை, பலன் ஒருவாடு. கழுத்துல ஒரு அறுப்பு, கொஞ்சம் திருப்பு, ஒரு பக்கம் சாய்ச்சு வை. ஒருத்தன் மத்தவனப் பாத்தா கதை தொடங்கிரும். யாரும் யாரையும் பாக்கல்லண்ணா அது பொம்மைக்கடை.

நீ இதுகள வச்சு நார்மண்டி கட்டப்போறேண்ணு சொன்னே. நார்மண்டியில உனக்கு என்னலே சோலி? ஒரு பஸ்ஸு தூரத்துல குளச்சல் கெடக்கு. கொல்லம் 916 ஆடி மாசம், இங்கிலீசுல 1741. டச்சுக்காரன் கம்பெனிப் பட்டாளம் கடப்புறத்துல வந்து எறங்கி மரவேலி அடிச்சு இருந்துது. மார்த்தாண்டவர்மா மகராசா அடைச்சுப் பிடிச்சார். உள்ள இருந்த வெடிமருந்துப் பீப்பா ஒண்ணுல குண்டு விழுந்து தீப்பிடிச்சு, வச்சிருந்த அரிசியெல்லாம் எரிஞ்சு போச்சுண்ணு சொல்லுகானுவோ. சோறு போச்சு, சண்டை போச்சு. டச்சுக் கப்பித்தான் தில்லனாய் சரணடைஞ்சான். அந்தக் காட்சி பத்மநாபபுரம் கொட்டாரத்துல படமாட்டு உண்டு. நீ எட்டாங்கிளாஸ்ல டூர் போனப்ப அதப் பாத்தியோ, ஐஸ் தின்னியோ, எனக்குத் தெரியாது.

இப்ப நான் சொல்லப்போறது புஸ்தகத்துல உள்ளதில்ல, எங்க பாட்டாமாரு திண்ணையில சொன்னது. மகராசாவுக்கு ஆளு காணல்ல. கப்பல்லருந்து பாக்கவனுக்குக் கரை நெறையப் பட்டாளம் தெரியணும். என்ன செஞ்சார்? கடப்புறத்து மீன்பிடிக்க ஆளுகள வரிசையா நிறுத்தி, தோளுல துடுப்பச் சாத்தச் சொன்னார். தூரத்துக்கு அது துப்பாக்கி. பனந்தடிய வண்டியில ஏத்தி நிறுத்தினார். தூரத்துக்கு அது பீரங்கி. நடந்துதோ இல்லியோ, கதை அது. உனக்க தொழிலுக்கு மூலபுருசன் யாருண்ணு இப்பத் தெரிஞ்சுதா? ஏர்பிக்சும் இல்ல, டமியாவும் இல்ல. துடுப்பத் துப்பாக்கியா மாத்தினானே, அவனாக்கும்.

அத நீ கட்டு மக்கா. எங்கயும் அந்தப் பெட்டி கிடையாது, எவனும் அச்சடிச்சு விக்கல்ல, அதனாலதான் சொல்லுகேன். கடையில வாங்கினா உனக்கு என்ன வேலை? டமியா பெட்டியில எட்டாம் ஆர்மி, பாலைவனத்துப் பட்டாளம்ண்ணு ஒண்ணு உண்டுல்லா, நிக்கர் போட்ட இங்கிலீசுக்காரனுவோ. நம்ம நாட்டுப் பட்டாளமும் அங்க அவங்கூட நின்னுதான் சண்டை போட்டுது. அந்த முட்டியும் கெண்டைக்காலும் எடு. சாக்சைச் சுரண்டு, பூட்சை அறுத்துத் தள்ளி எம்சீல்ல பாதம் செய். கடப்புறத்துப் பாதம் விரல் விரிஞ்சு இருக்கும், செருப்பறியாத பாதம். நிக்கர மறைச்சு முண்டு. டிஷ்யூ பேப்பர வெள்ளமா கரைச்ச பெவிகால்ல நனைச்சுச் சுத்து, காயுகதுக்கு முன்ன ஊசியால மடிப்ப நிமிண்டி விடு. சட்டையச் செதுக்கித் தள்ளிட்டு நெஞ்சு செய்யணும். அது பாடுதான். கண்ணாடி முன்னால சட்டையக் கழத்திட்டு நில்லு. உனக்க நெஞ்சு வேண்டாம், அதுல கம்ப்யூட்டர் மட்டும்தான் தெரியும். எனக்கது பாரு.

நாயர் படையாளிக்குக் குடுமி முன்பக்கம் வரணும், கையில வாளும் பரிசையும். டச்சுக்காரனுக்கு மூணு மூலைத் தொப்பி. வட்டமா ஒரு மாவுத் தகடு பரத்தி மூணு பக்கத்தையும் மேல மடக்கு, உங்க ஆச்சி இலைப்பணியாரத்துக்கு மடக்குக மாதிரி. அவனுக்க வாருக்குப் பழைய ஆளுகளெல்லாம் ஈயப் பற்பசைக் குழல வெட்டுவானுவளாம். இப்ப அது வரத்தில்ல. எனக்க பிரசர் மாத்திரை அட்டை எத்தனை வேணும்? பொறத்த உள்ள தகட்ட உரிச்சு எடுத்துக்கோ.

ஆனா நான் கேக்கது வேற. துடுப்பு பிடிச்சு நிக்கவன எப்படி நிறுத்துவே? யோசி. அவன் பட்டாளக்காரன் மாதிரி நிக்கணும், பட்டாளக்காரனா நிக்கப்பிடாது. பொறந்த நாளுலருந்து துடுப்ப அவன் வலிச்சிருக்கானே தவிர தோளுல சாத்தினதில்ல. மணிக்கட்டு வழக்கம்போல வலிக்கதுக்குத் திரும்பும், அவன் பிடிச்சு நிறுத்துவான். கழுத்து கடலப் பாக்கணும்ண்ணு உத்தரவு, கண்ணு பக்கத்துல நிக்கவன் எப்படிப் பிடிச்சிருக்காண்ணு ஓரமாப் பாக்கும். ஒருத்தனாவது இடதுதோளுல சாத்தியிருப்பான். ஒருத்தன் எடைய ரெண்டு காலுலயும் வச்சு விறைச்சு நிப்பான், அவனுக்குப் பயம். வயசாளி ஒருத்தன் அபங்கத்துல சாவகாசமா நிப்பான். அவன் கடல்ல இதவிடப் பெருசு பாத்தவன். அந்த வயசாளிய மட்டும் நீ ஒழுங்காச் செஞ்சா போதும், மத்த மகராசாவையும் கப்பித்தானையும் யாரு வேணும்ண்ணாலும் செய்யட்டு.

தில்லனாய் சோலிய அதுக்குப் பொறவு பாத்துக்கலாம். தோத்தவன மகராசா கொல்லல்ல, பட்டாளத்துல சேத்தார். புலியூர்க்குறிச்சியில உதயகிரிக் கோட்டையப் புதுக்கிக் கட்டினதும், நம்ம ஆளுகளுக்குச் சீமைக் கவாத்து பழக்கினதும் அவன்தான். வலிய கப்பித்தான்ண்ணு பேரு. பதுங்கிச் சாடுக அடிமுறைக்காரன வரிசையில நேரா நிறுத்திக் காலு மாத்தச் சொல்லிக் கொடுக்கதுண்ணா லேசா? நீ பிளாஸ்டிக்க வளைக்கே, அவன் உசிருள்ள இடுப்ப வளைச்சான், அல்ல, நிமித்தினான். 1777ல செத்தான். கோட்டைக்குள்ள இடிஞ்ச கோவில்ல கல்லறை கெடக்கு, லத்தீன்லயும் தமிழ்லயும் எழுத்து வெட்டியிருக்கு. இப்பக் கோட்டை வனத்துறைக்க பூங்கா. பிள்ளையோ மான் பாக்கப் போகுது.

சாயா ஆறிட்டுது. குடிச்சிட்டியா? அப்ப சொல்லுகேன். அந்தக் கையத் தூக்கி நிக்கவனக் கொண்டா. கட்டைவிரல் எங்க நிக்குண்ணு பாரு. உள்ளங்கை முன்னால பாக்கு, அப்ப வலதுகைக்குக் கட்டைவிரல் தலைப்பக்கம்தானே வரணும்? இவனுக்கு வெளிப்பக்கம் நிக்கு. நீ ரெண்டு ராத்திரி உறக்கம் முழிச்சு, இங்கிலீசுக்காரனுக்க இடதுகைய அறுத்து ஜெர்மன்காரனுக்க வலதுதோளுல கூட்டியிருக்கே.

பசை நல்லாப் பிடிச்சிருக்கு, அதச் சொல்லணும். பத்து வருசத்துக்கு அசையாது.